நரையனின் விரதம்

எங்கள் நரையன் வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருக்கும் பூனை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்தான். யாழ்ப்பாணத்துக்கு எழுதும் கடிதங்களில் என் முழங்கால் வலிக்கு இரண்டு வரி, மலைநாட்டுக் குளிருக்கு ஒரு வரி, நரையனின் பக்திக்கு அரைப் பக்கம் என்று எழுதுவேன். வாசித்தவர்கள் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டில் மனிதரே இருக்காத விரதத்தை என் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது என்பதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

என் கணவர் லுணுகலைக்குப் பக்கத்தில், நெல்லிமலைத் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் உத்தியோகம் பார்த்தார். டிஸ்பென்சர்தான், டொக்டர் இல்லை. ஆனால் தோட்டத்துச் சனங்களுக்கு அவர் டாக்டரய்யா, நான் டாக்டரம்மா. திருத்திச் சொல்ல நானும் போகவில்லை. கேட்கக் கசக்கவா செய்யும்? எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கொழும்பில் யப்பான்காரன் குண்டு போட்ட வருஷம், பதுளையிலிருந்து வந்த மருந்துப் பெட்டிக்குள் பஞ்சோடு பஞ்சாக ஒரு சாம்பல் நிறக் குட்டி கிடந்தது. அவர் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் மூன்றாவது ஆள்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அன்றைக்கு அவருடைய ஆயுளுக்காக நான் ஒருநேரம் மட்டும் சாப்பிடுவேன். அவருக்குக் காலையில் இடியப்பமும் சொதியும். பிறகு தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றிப் பார்க்கப் போய்விடுவார். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை துப்புரவா, யாருக்காவது காய்ச்சலா என்று வாரத்துக்கு ஒருநாள் பார்க்க வேண்டியது அவருடைய வேலை. திரும்பி வர மூன்று மணியாகும். வந்ததும் பசியில்லை என்று ஒரு செம்பு மோர் மட்டும் குடிப்பார். நானும் பட்டினி, அவரும் பட்டினி. நரையனுக்குப் பால்சோறு பிசைந்து பின்பக்கத்தில் சிரட்டையில் வைத்தால் மோந்து பார்த்துவிட்டு அப்பால் போய்விடும். பகல் முழுக்கக் காணக் கிடைக்காது. பின்னேரம் வந்து பேசாமல் படுத்துக்கொள்ளும். பசி என்று ஒரு சத்தம் வராது.

“பார்த்தீங்களே, அதுவும் விரதம்” என்று அவரிடம் முதன்முதலாகச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

“ஓம் இராசமணி. போன பிறப்பில எங்கையோ கோயில் ஐயராய் இருந்திருக்கும்” என்றார்.

அன்றைக்கே கடிதம் எழுதினேன்.

ஐம்பத்துநாலாம் ஆண்டு ஐப்பசி மழையில் அவர் போனார். காலையில் நெஞ்சு வலி என்றார், தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் புறப்பட்டோம், பசறை தாண்டுமுன் முடிந்துவிட்டது. ஐம்பத்தாறு வயது. நான் பிடித்த விரதத்துக்குக் கடவுள் தந்த கணக்கு அவ்வளவுதான் போலிருக்கிறது.

உறவுகள் வந்தன, அழுதன, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிய ரயில் ஏறின. அவருடைய தங்கை ஊருக்குப் போன கையோடு மீன் வாங்கினாளாம். அதைக் கடிதத்தில் வேறு எழுதியிருந்தாள். நான் ஆட்டைத் திவசம் வரும்வரை, ஒரு வருஷத்துக்கு, மச்சம் தொடுவதில்லை, ஒருநேரச் சாப்பாடு மட்டும் என்று வைத்துக்கொண்டேன். வீட்டிலிருந்த மச்சச் சட்டிகளை எல்லாம் மருந்துச்சாலை கூட்டும் செபஸ்தியம்மாவிடம் தூக்கிக் கொடுத்தேன்.

நரையனுக்கு அப்போது பன்னிரண்டு வயது தாண்டியிருந்தது. ஒரு கண்ணில் பால் படர்ந்து, மற்றக் கண்ணும் மங்கல். பின்னங்கால் ஒன்று இழுக்கும். பூனைக்கு என் நோன்பு எதற்கு, ஒரு நெத்தலிக் கருவாடாவது கேட்டு அழும் என்றுதான் நினைத்தேன். அது கேட்கவில்லை. வைத்த பால்சோற்றில் நாலு வாய் நக்கிவிட்டு, பகலில் எங்கேயோ போய்வந்து, அவருடைய சாய்மனைக் கதிரைக்கு அடியில் போய்ப் படுத்தது. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, இரண்டரை மாதம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கூடப் பிறந்தவள் காக்காத துக்கத்தை இந்தச் சீவன் காக்கிறதே என்று அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். உலகத்தில் என்னோடு சேர்ந்து அவருக்காகத் துக்கம் கொண்டாட ஒருவர் மிச்சம் என்ற எண்ணம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டுதான் அந்த இரண்டரை மாதத்தையும் கடத்தினேன்.

தை பிறந்ததும் புது டிஸ்பென்சர் வந்தார். வீடு உத்தியோகத்துக்கு உரியது, ஆளுக்கு இல்லை. யாழ்ப்பாணத்தில் என் சீதன வீட்டில் தம்பி குடும்பம் இருந்தது. “வாங்கோ அக்கா” என்று எழுதினான். எத்தனை நாளைக்கு வரலாம் என்று எழுதவில்லை. என் வீட்டிலேயே நான் விருந்தாளியாக இருக்க விரும்பவில்லை. பதுளையில் ஹாஷிம் என்ற வியாபாரியின் வீட்டின் பின்பாதி வாடகைக்கு இருக்கிறது என்றார்கள். இரண்டு அறை, ஒரு குசினி. தளபாடங்களை லொறியில் ஏற்றி, நரையனைத் துளை போட்ட தேயிலைப் பெட்டிக்குள் வைத்து, முன் ஆசனத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பசறை வரை கத்தியது. பிறகு அடங்கிவிட்டது.

பதுளையில் நான் யாருக்கும் டாக்டரம்மா இல்லை. பின்வீட்டம்மா. காலையில் கிணற்றடியில் இரண்டு சொல், ஹாஷிமின் மனைவி நூருல் இனாயாவோடு. மத்தியானம் ஒரு பிடி சோறு. கீழே ஸ்டேசனில் ரயில் வந்தால் சத்தம் கேட்கும், போனால் கேட்கும். ஆஸ்பத்திரித் தாதிமார் சிலருக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்தேன். அளவெடுக்கும் நேரம் மட்டும் வீட்டில் மனிதக் குரல் இருக்கும். சில நாள் மாலையில் யோசித்துப் பார்ப்பேன், இன்றைக்கு நான் வாயைத் திறந்தேனா என்று. நரையனைக் கூப்பிட்டது மட்டும் இருக்கும்.

நரையனோ கூப்பிட்டால் வராது. புது வீட்டில் அதற்கு அடையாளம் தெரிந்தது சாய்மனைக் கதிரை ஒன்றுதான். வந்த நாளே சுவரோடு சுவராக உரசி நடந்து, இரண்டு தரம் கதவு நிலையில் முட்டி, கடைசியில் கதிரையைக் கண்டுபிடித்து அடியில் போய்ச் சுருண்டது. பால்சோறு வைத்தேன். மோந்து பார்த்தது. முன்பு நக்கிய நாலு வாயும் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் கொஞ்சம் பால் மட்டும் நக்கியது.

இனாயாவுக்கு இரக்கம் தாங்கவில்லை. ஒரு நாள் கொழுத்த மீன்தலை ஒன்றை இலையில் வைத்து, என் வாசலுக்கு வெளியே, முற்றத்தில் கொண்டுவந்து வைத்தாள். என் வீட்டுக்குள் மச்சம் வராது என்பது அவளுக்குத் தெரியும். நரையன் நொண்டி நொண்டி வந்தது. தலையை மோந்தது. மீசை நடுங்கியது. பிறகு நிமிர்ந்து, அங்கே நின்ற எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பார்த்துவிட்டு, தொடாமல் திரும்பிப் போய்விட்டது.

“பார்த்தியே இனாயா!” என்றேன். “ஆட்டைத் திவசம் முடியாமல் அது தொடாது.”

“அல்லாவே! இப்பிடியும் ஒரு பூனயா?” என்று அவள் கன்னத்தில் கை வைத்தாள்.

அந்தப் பெருமையில் நான் ஒரு கிழமை மிதந்தேன். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. தூக்கினால் பாரமில்லை. முதுகெலும்பு விரலில் முட்டியது. மாசி முடியும் போது அது கதிரைக்கு அடியிலிருந்து வெளியே வருவதையே விட்டுவிட்டது. இரவும் பகலும் அந்தப் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தேன், மூச்சு விடுகிறதா என்று. நானே பால்சோற்றை விரலில் எடுத்து வாயோரம் பூசினேன். நக்கவில்லை. “விரதம் போதும் நரையா, சாமி கோவிக்காது, சாப்பிடு” என்று கெஞ்சினேன்.

இனாயா நேராகவே சொன்னாள்.

“இங்க பாருங்கம்மா, பூன ஆளுக்கு ஒட்டுறதில்ல, எடத்துக்குத்தான் ஒட்டும். பழைய எடத்துலேயே கொண்டுபோய் உட்டுருங்க. இல்லாட்டி இந்தக் கெழமைக்குள்ள மவுத்தாப் போகும்.”

ஒரு முழு நாள் அவளோடு பேசவில்லை. அவள் சொன்னது சரி என்பதுதான் கோபம். வைத்துக்கொண்டால் என் கண் முன்னால் சாகும். கொண்டுபோய் விட்டால் பிழைக்கும், ஆனால் எனக்கு இல்லை. அதற்குப் பிறகு இந்த வீட்டில் நானும் ஒரு கதிரையும்தான். கூப்பிட ஒரு பெயர்கூட மிஞ்சாது. ஆனாலும் அவர் சட்டைப் பையில் கொண்டுவந்த சீவனைப் பட்டினி போட்டுக் கொன்ற பழி எனக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தேன். பழைய வீட்டில் புது டிஸ்பென்சர் நாய் வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் செபஸ்தியம்மாவிடம் விடுவது என்று தீர்மானித்தேன். மருந்துச்சாலைக்கு நேரே கீழே அவளுடைய லயம். அவளுக்கு நல்ல மனசு, பூனை பார்த்துப் பழகியவளும்கூட. நல்ல காரியத்தை நல்ல நாளில் செய்வோம் என்று வெள்ளிக்கிழமையைத் தெரிந்தெடுத்தேன்.

மூடி போட்ட கூடையில் நரையனை வைத்து, காலை பஸ்ஸில் ஏறினேன். தோட்டத்துச் சந்தியில் இறங்கும்போது பதினொரு மணி. கடைசி பஸ் மூன்றுக்கு என்று கொண்டக்டர் சொன்னான். தேயிலைக்குள்ளால் இறங்கும் படிக்கட்டில் என் முழங்கால்கள் என்னைத் திட்டின. மருந்துச்சாலையைத் தாண்டும்போது தலையைத் திருப்பவில்லை.

இருபத்திரண்டு வருஷம் அந்தத் தோட்டத்தில் இருந்தும் நான் ஒரு லயத்துக்குள் காலடி வைத்ததில்லை. வேலை இருந்தால் அவர்கள் மேலே வருவார்கள். இன்றைக்கு யோசித்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது, அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. லயத்து இஸ்தோப்பில், அந்த நீளமான முன்திண்ணையின் தொங்கல் முனையில் கூடையை இறக்கி, எந்த அறை என்று யாரிடம் கேட்பது என்று சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் மலை வேலைக்குப் போயிருந்தார்கள். மூச்சு முட்டுமே என்று கூடை மூடியைக் கொஞ்சம் திறந்தேன்.

நரையன் வெளியே வந்தது. இரண்டு கிழமையாகக் கதிரைக்கு அடியில் செத்தது போலக் கிடந்த பூனை, மூக்கை உயர்த்தி ஒரு தரம் மோந்தது. பிறகு இஸ்தோப்போடு நடந்தது. இழுக்கும் காலை இழுத்துக்கொண்டு, ஒரு கதவு, இரண்டு கதவு, மூன்று, நாலு தாண்டி, ஐந்தாவது கதவுக்குள் சொந்த வீட்டுக்குள் நுழைவது போல நுழைந்தது. எங்கும் முட்டவில்லை.

உள்ளே இருந்து குரல் வந்தது. “அட, தொரையா? தொரை வந்துட்டீங்களா? எங்கய்யா போயிருந்தீங்க இம்புட்டு நாளா?”

செபஸ்தியம்மா ஈரக் கையோடு வெளியே ஓடி வந்தாள். என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள்.

“டாக்டரம்மா! நீங்களா? படியெறங்கியா வந்தீங்க? ஒரு சொல்லு சொல்லி அனுப்பியிருந்தா நான் மேல வந்திருப்பேனே!”

“செபஸ்தியம்மா, எனக்கொரு உதவி செய்வியே? இதை நீ வைச்சுக்கொள்ளு. அங்க ஒண்டும் தின்னுதில்லை. என்ரை கண்ணுக்கு முன்னால சாகுது.”

“அதுக்கென்னம்மா, நான் பாத்துக்கிறேன். நம்ம தொரைதானே.”

“துரையோ?”

“நாங்க அப்புடித்தாங்க கூப்புடுறது. அடுப்பாண்ட வந்து ஒக்காந்துக்கிட்டு, எல்லாம் கையில வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கும். தொரைமாரு மாதிரி.” அவள் சிரித்தாள்.

“எப்ப வந்து காத்துக்கொண்டிருக்கும்?”

“வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழமதான். அய்யா…” என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வாசலில் நின்று உள்ளே பார்த்தேன். அடுப்பில் ஒரு மண்சட்டி. புளியும் மிளகாயும் கலந்த மீன் குழம்பு வாசம் முகத்தில் அடித்தது. அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பலகை போட்டிருந்தது. நரையன் அதற்குப் பக்கத்தில் முன்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பதுளையில் நான் ஒரு நாளும் காணாத இருப்பு.

“எந்த ஐயா?” என்றேன். தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

“செபஸ்தியம்மா, ஆள் போயிட்டார். இனி ஆருக்குப் பயந்து மறைக்கிறாய்? சொல்லு.”

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவர்கள் கத்தோலிக்க வேதக்காரர்கள், வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது, அன்றைக்கு மீன்தான். மட்டக்களப்பு லொறியில் லுணுகலைக்கு வரும் சூடை மீனை ஸரூக் என்ற மீன்காரர் வெள்ளி காலையில்தான் சைக்கிளில் கொண்டுவருவார், ஜும்ஆத் தொழுகைக்கு முன்னம் விற்றுவிட்டு ஓடிவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை லயம் பார்க்க வந்தபோது இவருக்குக் குழம்பு வாசம் பட்டிருக்கிறது. “செபஸ்தியம்மா, ஒரு துண்டு தாறியா?” என்று இஸ்தோப்பில் நின்றே கேட்டாராம். அடுத்த வெள்ளி பலகையில் உட்கார்ந்தாராம். அதற்கடுத்த வெள்ளி பூனையும் பின்னால் வந்ததாம்.

“எத்தினை வருஷமா?”

“நம்ம மவ நேசராணி கோயில்ல புதுநன்மை வாங்குன வருசத்துலருந்துங்க. இப்ப அவளுக்குக் கல்யாண வயசு.”

பதினொரு வருஷம். விரல் விட்டு எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக நான் கண் இருட்டக் கிடந்தேன். இவர் இங்கே பலகை போட்டு உட்கார்ந்து சூடை மீன் தின்றிருக்கிறார். வந்து என்னிடம் மோர் வாங்கிக் குடித்திருக்கிறார். கோயில் ஐயராம், போன பிறப்பாம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மனுஷன் மட்டும் அப்போது உயிரோடு எதிரே நின்றிருந்தால் என்ன நடந்திருக்குமோ. இறந்து ஐந்து மாதம். சண்டை பிடிக்கக்கூட வழியில்லை.

“அப்ப அவர் செத்த பிறகு? பூனை இரண்டரை மாதம் என்னோட மரக்கறிதான் சாப்பிட்டது.”

“இல்லிங்கம்மா.” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “டெய்லி இங்கதான் வரும். கருவாடு, மாசி மீனுத் துண்டு, இருக்கறது போடுவோம். மொதல்ல எதையும் தொடல. பெறகுதான் எங்க வீட்டுக்காரரு கண்டுபுடிச்சாரு. அதுக்கு முன்னால யாராச்சும் ஒரு வாய் திங்கணுங்க. அய்யா ஒரு வாய் தின்னுட்டு, அதுக்கு ஒரு வாய் குடுப்பாரு. அப்புடியே பழகிருச்சு. மீனத் தனியா வச்சா பாத்துக்கிட்டே இருக்கும், தொடாது. வீட்டுல மேசைக்கடியிலயும் அப்புடித்தானேம்மா திங்கும்? அய்யாதான் சொல்லுவாரு.”

எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? அவர் சாப்பிடும்போது நான் குசினிக்குள் நிற்பேன். அவர் எழும்பிய பிறகுதான் எனக்குச் சாப்பாடு. எங்கள் அம்மா அப்படி, நானும் அப்படி. இருபத்தைந்து வருஷக் கல்யாணத்தில் அவர் எதிரே இருந்து நான் ஒரு வாய்ச் சோறு தின்றதில்லை. மனுஷன் எப்படிச் சாப்பிடுவார், எதை முதலில் எடுப்பார், யாருக்குக் கொடுப்பார் என்பதெல்லாம் செபஸ்தியம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. மீனை மன்னித்துவிடலாம் போலிருந்தது. இதைத்தான் தாங்க முடியவில்லை.

முற்றத்து மீன்தலையும் ஞாபகம் வந்தது. நரையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்ததே, அது விரதமில்லை. யாராவது ஒரு வாய் தின்பீர்களா என்றுதான் பார்த்திருக்கிறது. நான் பக்கத்தில் நின்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

“என்னைப் பற்றி ஏதும் சொல்லுவாரோ?” என்று கேட்டேன்.

“சொல்லுவாருங்க. அம்மா பாவம், எனக்காகத்தான் பட்டினி கெடக்கிறா, தெரிஞ்சா மனசு ஒடஞ்சிரும்னு சொல்லுவாரு. ஒவ்வொரு வாட்டியும் இதான் கடைசின்னு சொல்லிட்டுத்தான் எந்திரிப்பாரு.”

அப்போதுதான் அழுகை வந்தது. ஐந்து மாதமாக வராத அழுகை. அந்தியேட்டியில் அழுதது ஊருக்காக, நரையனைக் கட்டிக்கொண்டு அழுதது எனக்காக. செபஸ்தியம்மா தண்ணீர் கொண்டுவந்தாள், நான் வாங்கிக் குடிப்பேனா மாட்டேனா என்று தெரியாமல் நீட்டிக்கொண்டே நின்றாள். வாங்கிக் குடித்தேன்.

அழுது முடிந்து பார்த்தால் நரையன் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. சட்டியைப் பார்த்தபடி.

“உன்ரை புருஷன் இராயப்பன் எப்ப வருவான்?”

“தேயில கவ்வாத்து வெட்ட மலைக்குப் போயிருக்காரு. நாலரை ஆகுங்க. பரவால்லம்மா, நான் தின்னு குடுத்தாலும் திங்கும். நீங்க பஸ்ஸுக்குப் போங்க. நான் பாத்துக்கிறேன்.” அவள் சுவரில் மாட்டியிருந்த ஒரு பீங்கான் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்தாள். வெள்ளையில் நீல விளிம்பு. அந்த வீட்டில் மற்றக் கோப்பைகளெல்லாம் தகரம், அது ஒன்று மட்டும் தனியாகப் பளபளத்தது. யாருடைய கோப்பை என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அவள் அதில் சோற்றைப் போட்டு, குழம்பு விட்டு, ஒரு மீனை வைத்தாள். பலகையில் உட்காரப் போனாள். நரையன் அவள் பக்கம் திரும்பியது.

“இஞ்சை கொண்டா” என்றேன்.

“அம்மா?”

“கோப்பையைக் கொண்டா எண்டு சொன்னன்.”

என் குரலில் இருந்தது பொறாமைதான். அதை ஏன் மறைக்க வேண்டும்? செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பலகையில் உட்கார முழங்கால் மடங்கவில்லை, அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். கோப்பையை மடிக்கு முன்னால் வைத்துச் சோற்றைப் பிசைந்தேன். மீனைப் பிய்த்து, முள் பார்த்து எடுத்து, ஒரு பிடி உருட்டி நரையனின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

மோந்தது. வாயைத் திறக்கவில்லை. பால் படர்ந்த கண்ணால் என் முகம் இருக்கும் திசையைப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை. ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் ஏழு மாதம். யாருடைய ஆயுளுக்காக இனி விரதம்? யாருடைய ஆத்மாவுக்காக இந்த ஒருநேரச் சாப்பாடு? மீன் குழம்புக்காகப் பதினொரு வருஷம் பொய் சொன்ன ஆத்மாவுக்காகவா? கடவுள் கோவித்தால் என்னை என்ன செய்வார்? செய்வதற்கு இனி என்னிடம் என்ன மிச்சம் வைத்திருக்கிறார்?

அந்தப் பிடியை என் வாயில் போட்டேன். உப்பும் புளியும் நாக்கில் ஏறின. நன்றாகத்தான் இருந்தது. நான் வைக்கும் குழம்பைவிட நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த பிடியை நீட்டினேன். நரையன் கழுத்தை நீட்டி, என் விரல்களுக்குள்ளேயே வாயை வைத்துத் தின்னத் தொடங்கியது. நான் ஒன்று, அது ஒன்று. கோப்பை வெறுமையாகும் வரை இருவரும் தின்றோம். செபஸ்தியம்மா இன்னொரு அகப்பை சோறு போட்டாள்.

இரண்டரை மணிக்கு நரையனைத் தூக்கிக் கூடைக்குள் வைத்தேன். வயிறு நிறைந்த பூனை முரண்டு பிடிக்கவில்லை.

“விட்டுட்டுப் போகத்தானேம்மா வந்தீங்க?” என்று செபஸ்தியம்மா கேட்டாள்.

“இல்லை. சாப்பாடு குடுக்கத்தான் வந்தனான்” என்றேன். செபஸ்தியம்மா படியேறிச் சந்தி வரை கூடையைச் சுமந்து வந்து தந்தாள். பஸ் வரும்வரை என்னோடு நின்றாள்.

அடுத்த நாள் பதுளைக் கடைத்தெருவில் புதுச் சட்டி ஒன்று வாங்கினேன். மீன் வாசம் வந்ததும் இனாயா எட்டிப் பார்த்தாள். கேட்க வாயெடுத்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஊருக்கு எழுதும் கடிதத்தில் முழங்காலுக்கும் குளிருக்கும்தான் இப்போது வரிகள்.

நரையன் என்னிடம் ஒட்டிக்கொண்டது என்று சொல்ல ஆசைதான். அப்படியில்லை. சாப்பிட்டு முடிந்ததும் மடியைக்கூடத் தொடாமல் கதிரைக்கு அடியில் போய்விடுகிறது. அது தேடுகிற ஆள் நான் இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்கும் தெரியும். இந்த மழைக்காலத்தை அது தாண்டுமா என்பதும் சந்தேகம்தான். ஆனால் காலையில் வந்து நிற்கிறது, மத்தியானம் வந்து நிற்கிறது, விளக்கு வைத்ததும் வந்து நிற்கிறது. நான் ஒரு வாய் தின்னும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதனால் நான் இப்போது நாளுக்கு மூன்று நேரம் சாப்பிடுகிறேன்.